இடது காலுக்கு வேலை இல்லை

இன்ஜினை அணைக்காமலேயே கியர் எண்ணெய் பார்க்க வேண்டும் என்பதில்தான் சென்னியப்பனுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. மேட்டுப்பாளையம் கோத்தகிரி மலைப்பாதையில் இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு மூடியைத் திறப்பதுதான் அவர் கற்ற மரியாதை. இந்தக் கார் எல்லாவற்றிலும் தலைகீழ். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, இன்ஜின் ஓட ஓடக் குச்சியை உருவ வேண்டுமாம். தூங்குகிற ஆளை எழுப்பாமல் நாடி பார்க்கிற வைத்தியம் தெரியும், நடந்துகொண்டிருக்கிற ஆளுக்கு நாடி பார்க்கிற வைத்தியத்தை இந்த வயதில்தான் பார்க்கிறார். சமதளத்துக்கும் எங்கே போவது? இந்தத் தெரு முழுக்கச் சாக்கடையை நோக்கிச் சாய்வு. யோசித்து யோசித்து, மழை பெய்தால் எங்கே தண்ணீர் போக வழியில்லாமல் தேங்குகிறதோ அதுதானே சமம் என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே, ரேஷன் கடைக்கு எதிரே இந்த இடத்தைக் கண்டுபிடித்தார். ஊரே அந்தத் தேக்கத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அதனால் பிரயோஜனம் அடைந்த ஒரே ஆள் தாம்தான் என்று நினைக்கையில் அவருக்குச் சிரிப்பு வந்தது. இன்று தேக்கம் இல்லை. ராத்திரி காற்றுக்குக் காய்ந்த மண், அதன் மேல் வெள்ளைக் கார், திறந்த பானெட்டுக்குள் ஒரே சீரான உறுமல், எதிரே வீடுகளுக்கு மேலே நீல மலை. மலை இன்று தெளிவாக இருக்கிறது. குஞ்சப்பனைக்கு மேலே மட்டும் துணி காயப்போட்ட மாதிரி கொஞ்சம் மேகம். அதற்குள்தான் இன்னும் ஒரு மணி நேரத்தில் போக வேண்டும். போக வேண்டும் என்றால் யார் யார் போக வேண்டும்? அங்கேதான் விஷயம் நிற்கிறது. இவர் போவார், கார் போகும். இவர் மனைவி வசந்தாமணி இதில் ஏறுவாளா, இல்லை தெருமுனையில் நின்று எட்டேகால் பஸ்ஸைப் பிடிப்பாளா என்பதை அவள் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து வலது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு கியர்க் கம்பியை அதன் பக்கத்தில் எழுதியிருந்த ஒவ்வோர் எழுத்தாக இழுத்தார். பின்னால் போகிற எழுத்து, சும்மா நிற்கிற எழுத்து, முன்னால் போகிற எழுத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பொறுத்து, மறுபடி நிறுத்தத்துக்கே. எண்ணெய் எல்லாச் சந்துக்கும் போய் வரட்டும் என்பதற்காக இது. முன்னால் போகிற எழுத்துக்கு வந்தபோது வண்டி உடனே இழுக்கவில்லை. கூப்பிட்டு ஒரு மூச்சு கழித்து ‘என்ன’ என்று கேட்கிற பிள்ளை மாதிரி யோசித்துவிட்டுத்தான் இழுத்தது. நாலைந்து நாளாக இப்படித்தான். மெக்கானிக் சகாயம் ஒரு கசிவை அடைத்துக் கொடுத்தான், ஆனாலும் போன எண்ணெய் போனதுதானே, பார்த்து ஊத்திக்கோங்கண்ணா, மலையேத்தத்துல வழுக்கும் என்று சொல்லியிருந்தான். மலையேற்றத்தில் வழுக்குவது. அந்தச் சொல்லுக்காகத்தான் இன்றைக்கு இந்த வேலை. இறங்கி வந்து துணியைத் தேடினார். துணி விஷயத்திலும் சகாயம் கண்டிப்பு: வேட்டித் துணி வேண்டாம், பஞ்சு விடும், ஒரு நூல் உள்ளே போனாலும் தொல்லை. பஞ்சு விடாத துணிக்கு வீட்டில் என்ன இருக்கிறது? அவருடைய பழைய காக்கி யூனிபாரம் பேண்ட் இருந்தது. டெரிகாட்டன், சாகாத துணி. அதன் ஒரு காலைத்தான் கத்தரித்து எடுத்தார், இடது காலை. ஏன் இடது கால் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது குச்சியைத் துடைக்கும்போது பார்த்தால் முழங்கால் இடத்தில் துணி தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது. வலது கால் புதுசு கணக்காக அப்படியே இருக்கும். கிளட்ச் போட்ட கால் அல்லவா இது. ஒரு வளைவுக்கு எத்தனை மிதி, ஒரு நாளைக்கு எத்தனை வளைவு, யார் எண்ணினார்கள்? துணிக்குள் இருந்த முழங்காலும் அதே கதிதான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, தேய்ஞ்சு போச்சுங்க, இனி கிளட்ச் மிதிக்கிற வண்டியே வேண்டாம் என்றார். ஓட்டாமலும் இருக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்த முதல் மாதமே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளும்போதுகூட இவர் இடது கால் தரையை மிதிக்கிறது என்று வசந்தாமணி கேலி செய்தாள். அப்படித்தான் குன்னூரில் ஒரு பல் டாக்டர் விற்ற இந்த ஆட்டோமேட்டிக் வந்து சேர்ந்தது. கிளட்ச் இல்லை. இடது காலுக்கு வேலை இல்லை.

துடைத்த குச்சியைக் குழாய்க்குள் முழுதாகச் செருகி மறுபடி உருவினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். நுனியில் நன்னாரி சர்பத் நிறத்தில் பளபளவென்று எண்ணெய். மோந்து பார்த்தார். தீய்ந்த வாசனை இல்லை. அப்பாடா. தீய்ந்திருந்தால் பெரிய வேலை, இன்றைய பயணமே இல்லை. குச்சியில் கீழே இரண்டு புள்ளி, மேலே இரண்டு புள்ளி. ஆறிய வண்டிக்குக் கீழ்ப்புள்ளிகள், சூடான வண்டிக்கு மேற்புள்ளிகள். சர்பத் நிறம் மேற்புள்ளிகளைத் தொடவே இல்லை, ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. குறைவுதான். குறைவு என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. வண்டி யோசித்தது அதன் குணத்தால் அல்ல, வயிறு காய்ந்ததால். இந்த எண்ணெய் என்னதான் செய்கிறது என்று இவர் கேட்டதற்கு சகாயம் பதில் சொல்லாமல் பட்டறையில் இருந்த இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்தான். ஒன்றை மட்டும் போட்டான். கொஞ்ச நேரத்தில் மின்சாரமே இல்லாத மற்றதும் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. ஒன்றை ஒன்று தொடவில்லை. நடுவில் காற்றுதான் வேலை செய்தது. இங்கே காத்துக்குப் பதிலா எண்ணெங்கண்ணா, அவ்வளவுதான் சூட்சுமம் என்றான். இவர் வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் ஆசையாகச் சொன்னார். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டுவிட்டு, அப்ப எண்ணெ கொறஞ்சா இது சுத்தும் அது நிக்குமாக்கும் என்றாள். அதேதான் என்றார். நம்ம மாதிரி என்றாள். கேலியா நிஜமா என்று இவருக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்போது அவள் பேசுவதே அபூர்வம், பாயசச் சம்பவம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

பாயசச் சம்பவம். நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தால் குழாய்க்குள் குச்சி போகும்போது மனமும் அங்கேயே போய்விடுகிறது. கார் வந்த மறுவாரம். காரமடையில் அவளுடைய சிநேகிதி வீட்டில் விசேஷம். மடியில் தூக்குப்போசி நிறையப் பருப்புப் பாயசம், பட்டுச் சேலை, பக்கத்து சீட்டு. பக்கத்து சீட்டு என்பதே ஒரு அதிசயம். கல்யாணம் ஆன நாளிலிருந்து வசந்தாமணி இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் போனதே கிடையாது. மொபெட்டில் போனால் முதுகுக்குப் பின்னால். பஸ்ஸில் வந்தால் பெண்கள் சீட்டில், மூக்கருகே எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, மலைப்பாதை தலைசுற்றலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு. இவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்த முகம் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குத் தெரியும். பயணிகளைப் பார்க்க வைத்த கண்ணாடி. அவள் வருகிற நாளில் மட்டும் அது ஒரு பயணிக்கு மட்டும் என்று திரும்பியிருக்கும், கண்டக்டர் பார்த்துவிட்டுக் கனைப்பான். அப்படிப்பட்டவள் தோளுக்குத் தோள் உட்கார்ந்து, ஏனுங்க, சத்தமே இல்லீங்களே வண்டி என்று கேட்டபோது சென்னியப்பனுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ரயில்வே கேட் வந்தது. கேட் இறங்க ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான், யாரையும் கேட்காமல் இடது கால் எழுந்து போய், இருபத்தொன்பது வருஷக் கிளட்ச்சை நினைத்துக்கொண்டு, அடிமட்டம் வரைக்கும் மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். இந்த வண்டியில் பிரேக் மிதி வேறு அகலம், கிளட்ச் இருக்க வேண்டிய இடம் வரைக்கும் நீளும். கார் சுவரில் முட்டினாற்போல் நின்றது. பாயசம் நிற்கவில்லை. பட்டுச் சேலை, டேஷ்போர்டு, கண்ணாடி, அவள் நெற்றி. நெற்றியில் போசியின் மூடி பட்டு வீங்கியது. பின்னால் வந்த பால்காரர் வண்டி முட்டிய சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. வசந்தாமணி கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி நீங்களாச்சு உங்க வண்டியாச்சு, எனக்கு பஸ்ஸே போதுமுங்க என்றாள். ஒரு வாரம் காருக்குள் எறும்பு. எறும்பு போய்விட்டது, அந்தச் சொல் போகவில்லை. அவள் சொன்னபடியே எங்கே போனாலும் பஸ்தான். அதுவும் இவர் ஓட்டிய அதே தடத்துப் பஸ், இவரிடம் வேலை பழகிய முத்துவேலு ஓட்டுகிறான். மரியாதை தெரிந்தவன், தெருமுனையில் அவளுக்காக நிறுத்திவிட்டு இவரைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவான். அந்தக் கும்பிடுதான் தாங்காது.

புனலை எடுத்து, அதற்கு ஒரு நீள ரப்பர் குழாய் மாட்டி, குச்சி வந்த வழியிலேயே செருகினார். இதுவும் தலைகீழ்தான், ஊற்றுவதற்குத் தனி வாய் கிடையாது. டப்பாவைச் சாய்த்தார். கொஞ்சமாக, சகாயம் சொன்னது கொஞ்சமாக. அதிகமானால் உள்ளே நுரைக்கும், குறைவைவிட அது பொல்லாதது. சிவப்பு நூல் மாதிரி எண்ணெய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டுக்குள்ளிருந்து பாத்திரம் சத்தம். குளித்துவிட்டாள். கோகிலாமணிக்குப் பேத்தி பிறந்து இன்று தொட்டில் போடுகிறார்கள். கோகிலாமணி என்றால் வசந்தாமணியின் தங்கை, கோத்தகிரியில் கட்டிக்கொடுத்தது. அக்காக்காரி போகாமல் இருக்க முடியாது. காலையில் அவள் கொல்லைப் பக்கம் போய் எலுமிச்சம்பழம் பறித்ததை இவர் பார்த்தார். அதிலிருந்துதான் இந்தக் குடைச்சல். பழம் பறித்தால் பஸ் என்று மனசு சொல்கிறது. பஸ் என்றால் தலைசுற்றல், தலைசுற்றலுக்குப் பழம். ஆனால் மலை என்றாலும் தலைசுற்றல்தானே, காரில் போனாலும் மலை மலைதான், காருக்கும் பழம் வேண்டும். காரமடைக்குப் போனபோது பழம் எடுக்கவில்லை, அது சமவெளி. ஆக பழம் கோத்தகிரி என்று மட்டும் சொல்கிறது, எதில் என்று சொல்ல மறுக்கிறது. அறுபது வயது ஆள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். நேரே உள்ளே போய், வர்றியா அம்மிணி என்று கேட்டுவிடலாம். கேட்டு அவள் பஸ் என்றால்? கேட்காத வரைக்கும் இரண்டும் இருக்கிறது.

டப்பாவை நிமிர்த்தினார். மறுபடி காருக்குள் போய் எழுத்துகளை வரிசையாக ஒரு சுற்று. உட்கார்ந்ததும் இடது கால் தானாகத் தயார் ஆவதைக் கவனித்தார். பாதம் லேசாகத் தூக்கி, விரல் முன்னால் நீட்டி. போடா என்றார் அதைப் பார்த்து. இந்தப் போடா ஒரு மாதமாக நடக்கிறது. விடியற்காலையில் யாரும் எழுமுன் காரை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பின்பக்கத்து ரோட்டில் தனியாகப் பழகுகிறார். சும்மா ஓட்டும்போது கால் நல்ல பிள்ளை. ஓர் ஆடு குறுக்கே ஓடினால் போதும், எழுந்துவிடும். கடைசியில் ஒரு துண்டை எடுத்துக் கணுக்காலைச் சீட்டுக் கம்பியோடு கட்டினார். கட்டிய கால் மரத்துப்போனது, முழங்கால் ராத்திரி முழுக்க வலித்தது, வசந்தாமணி எண்ணெய் தேய்க்கும்போது ஏனுங்க இப்படி வீங்குது என்று கேட்டதற்கு வாயுவாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தார். ஆனாலும் கட்டினால் எழவில்லை. வலது கால் தனியாக எல்லா வேலையும் செய்தது. இன்று துண்டு சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அவள் வந்தால் அவளுக்கு முன்னால் அதை எடுத்துக் கட்ட முடியுமா? இத்தனை வருஷம் ஒரு பஸ் ஜனத்தை மேலே ஏற்றி இறக்கிய ஆள், சொந்தக் காலைக் கட்டிப்போட்டுக்கொண்டு உட்காருவதா? கட்டாமல் போனால் குஞ்சப்பனை வளைவில் பலாப்பழ வாசனைக்கு யானை ரோட்டில் நின்றால்? கால் எழும். வண்டி திடுக்கென்று நிற்கும். பின்னால் ஒரு லாரி. பக்கத்தில் அவள். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்கிறது. பஸ்ஸிலேயே போகட்டுமே என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தார். நினைத்ததும் மனசு சுருங்கிப்போனது. வேண்டாம், அவள் வர வேண்டும். ஒரே ஒரு தடவையாவது நான் ஓட்டிய மலையை அவள் கண்ணைத் திறந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இவருக்கு வேண்டியது இவ்வளவுதான், வேறெதுவும் இல்லை.

இறங்கி வந்து குச்சியை உருவித் துடைத்துச் செருகி உருவினார். மேற்புள்ளிகளுக்கு நடுவே வந்து நிற்கப் பார்க்கிறது, இன்னும் நூலளவு. இன்னும் ஒரு மடக்கு ஊற்றினார், பொறுத்தார், பார்த்தார். இரண்டு புள்ளிக்கும் நட்டநடுவே சர்பத் கோடு. சரியாக. வெயில் பட்டு அது பழச்சாறு மாதிரி மின்னியது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. ரேஷன் கடை வாசலில் ஒரு நாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அதனிடம் குச்சியைக் காட்டினார். அது எழுந்து போய்விட்டது. சென்னியப்பன் பானெட்டை மூடினார். கையைக் காக்கித் துணியில் துடைத்தார். அடுக்களையிலிருந்து தாளிப்பு வாசனை போய், மல்லிகைப்பூ வாசனை வந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, காரணம் இல்லாமல், எதுவும் முடிவாகாமலேயே.

கதவு பூட்டுகிற சத்தம். வசந்தாமணி வந்தாள். ஒரு கையில் சீர்த்தட்டு மூட்டை, ஒரு கையில் எலுமிச்சம்பழம். அதே பட்டு, பாயசக் கறை இருந்த இடத்தை உள்மடிப்பில் போட்டுக் கட்டியிருந்தாள். காரைப் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை, தெருமுனையைப் பார்த்து நடந்தாள். சரி, பஸ். சென்னியப்பன் துணியை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். முனையில் ஹாரன் கேட்டது, அவருக்குத் தெரிந்த ஹாரன், எட்டேகால் வண்டி. முத்துவேலு நிறுத்திவிட்டான், கும்பிடும் வந்துவிட்டது. வசந்தாமணி பஸ்ஸை நெருங்கினாள். படிக்கட்டில் கால் வைக்கவில்லை. நிமிர்ந்து முத்துவேலுவிடம் என்னவோ சொல்லி, போ என்று கையை வீசினாள். பஸ் கிளம்பிவிட்டது. அவள் திரும்பி அதே நடையில் வந்து, மூட்டையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

இவர் சுற்றிக்கொண்டு ஓடி வந்து ஏறினார். என்ன சொன்னாய் அவனிடம் என்று கேட்டதற்கு, எனக்காக இனி நிறுத்த வேண்டாம், தம்பிக்கு எதுக்கு வீணா லேட்டு என்று சொன்னாளாம். சொல்லிக்கொண்டே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பழத்தை டேஷ்போர்டு மேல் வைத்தாள்.

“எண்ணெ பாத்தாச்சுங்ளா?”

“பாத்தாச்சு. கொறவாத்தான் இருந்துச்சு. ஊத்திச் செரி பண்ணியாச்சு.”

“துண்டு?”

“என்ன துண்டு?”

“காலக் கட்டற துண்டுங்க. தெனமும் விடியாலக் கட்டிக்கிட்டுப் போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்ளாக்கும். வாயுவாமா, வாயு.”

சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். காது சூடானது. மெல்லக் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். துண்டின் முனை கைக்குப் பட்டது.

“கட்டாதீங்க,” என்றாள் வசந்தாமணி. “வலி எடுத்த காலு அது.” வலது கையை நீட்டி அவருடைய இடது முழங்கால் மேல் வைத்தாள். தெருவில், பட்டப்பகலில், ரேஷன் கடைக்கு எதிரே. “இத நான் புடிச்சுக்கறேன். நீங்க ரோட்டப் பாருங்க.”

கார் யோசிக்காமல் இழுத்தது. எண்ணெய் சரியாக நின்றதன் இழுப்பு என்று அவருக்கு முதுகிலேயே தெரிந்தது. தெருமுனையில் ஒரு சைக்கிள் திடீரென்று குறுக்கே வந்தது. இடது கால் எழுந்தது. எழுந்த முழங்காலை அந்தக் கை உணர்ந்து, தொட்டிலில் எழப் பார்க்கிற குழந்தையைத் தட்டிப் படுக்க வைப்பது போல ஓர் அழுத்து அழுத்தியது. கால் அடங்கியது. வலது கால் மெதுவாகப் பிரேக்கை மிதித்தது. சைக்கிள் போய்விட்டது. டேஷ்போர்டு மேல் எலுமிச்சம்பழம் ஒரு பக்கம் லேசாக உருண்டு, அங்கேயே நின்றது. மலை எதிரே இருந்தது. வசந்தாமணி கண்ணைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையை எடுக்கவில்லை.